பனங்கட்டி கரைவதற்குள்

உங்கள் சித்தப்பாவின், அதாவது என் தம்பியின், படத்துக்கு ஏன் மாலை இல்லை என்று சின்னவன் கேட்டான். செத்த ஆட்களுக்குத்தான் மாலை என்று உங்கள் அம்மா சொன்னார். அப்படியென்றால் சித்தப்பா எங்கே என்று அவன் திரும்பக் கேட்டதும் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். அதனால் பிள்ளைகளே, நான் எழுதி வைக்கிறேன். எனக்குப் பெரிய படிப்பில்லை. பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டுத் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் திருத்தப் போனவன் நான். தெரிந்த மட்டில் எழுதுகிறேன். பிழை இருந்தால் மூத்தவள் திருத்தட்டும்.

சித்தப்பாவின் பெயர் ஒரு காலத்தில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நாங்கள் எல்லோரும் அவரை மிஸ் என்றே கூப்பிட்டோம்.

சண்டையால் வடக்கில் ஆனையிறவுப் பாதை பூட்டியிருந்த காலம் அது. வெளியூர் போகிறவர்கள் கிளாலிக் கரையில் வள்ளம் ஏறித்தான் கடல் தாண்ட வேண்டும். உங்கள் சித்தப்பா அப்படி ஏறினவன். அக்கரைக்கு அவன் போய்ச் சேரவில்லை. இக்கரைக்கும் திரும்பி வரவில்லை. நான் கேட்காத இடமில்லை. கடைசியில் யாரோ சொன்னார்கள், வலிகாமத்தில் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு வீட்டில் காணாமற்போன ஆட்களின் பெயரைப் பதிகிறார்கள் என்று. போனேன்.

முன் அறையில் ஒரு மேசை. மேசையில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் கண்ணாடித் திரை. மற்றது திரை ஒன்றும் இல்லாத இரும்புப் பெட்டி, அம்மிக்கல் போலப் பாரம். வெளிநாட்டில் யாரோ பாவித்துக் கழித்த பழைய கொம்பியூட்டர் அது. திரை உள்ளது யோசிக்கிற பெட்டி, இரும்புப் பெட்டி பெயர்களை வைத்திருக்கிற பெட்டி என்று மிஸ் பிறகு எனக்குச் சொல்லித் தந்தார். அன்றைக்கு நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பதுக்குக் கிட்ட வயது. பருத்திச் சேலை. வாங்குப் பலகையின் ஒரு முனையில், விழுந்துவிடுவாரோ என்னும்படி ஒட்டிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் இன்னும் ஒருவர் இருக்க இடம் கிடந்தது.

"பேர்?" என்றார். சொன்னேன். "தகப்பன்ரை பேர்? முழுசாச் சொல்லுங்கோ, முதல் எழுத்து மட்டும் வேண்டாம்." சொன்னேன். "என்ன சேட்டு போட்டிருந்தவர்?" அதையும் சொன்னேன். "கோடு போட்டது. என்ரை சேட்டு மிஸ். கேக்காமல் எடுத்துக்கொண்டு போனவன்."

"என்ன நிறக் கோடு?"

"பச்சை."

அதையும் கொம்பியூட்டரில் அடித்தார். பிறகு ஒரு சின்ன ஓலைக் குட்டானைத் திறந்து, பனங்கட்டியில் ஒரு துண்டு உடைத்து என் கையில் தந்தார். தானும் ஒரு துண்டு எடுத்தார்.

"வாயிலை போடுங்கோ. கடிக்கக் கூடாது."

ஏதோ விசர் பிடித்த மனுசி என்று நினைத்தேன். அவர் ஒரு விசையை அழுத்தினார். இரும்புப் பெட்டிக்குள் அரிசி புடைப்பது போல ஒரு சத்தம் கேட்டது. மிஸ் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். என் வாயில் பனங்கட்டி பாதிகூடக் கரையவில்லை, திரையில் உங்கள் சித்தப்பாவின் பெயர் வந்துவிட்டது.

"இருக்கிறார்," என்றார் மிஸ்.

பெட்டிக்குள் இருக்கிறார் என்றுதான் அவர் சொன்னார். எனக்கும் அது விளங்கியது. ஆனாலும் அவன் போன நாளிலிருந்து அந்தச் சொல்லை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முற்றத்துக்கு வந்து நின்று அழுதேன். அங்கே அலுவலகத்து எஞ்சின் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு நின்றது. அழுது முடிந்ததும் குனிந்து அதைத் திருத்தினேன். பொறுப்பாளர் ஐயா யன்னலால் பார்த்துவிட்டு, "தம்பி, நாளைக்கும் வாரும்," என்றார். அப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

கரண்ட் இல்லாத ஊரில் கொம்பியூட்டர் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். இறைக்கிற எஞ்சினோடு ஒரு டைனமோவைக் கொழுவி, பிள்ளைகள் பால் குடிக்கிற சூப்பிப் போத்தலால் இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவேன். எஞ்சின் ஓடுகிற நேரம்தான் பெட்டிக்கு உயிர்.

அந்த உயிர் வந்ததும் மிஸ் முதலில் செய்கிற வேலை ஒன்றுதான். இன்னும் எவ்வளவு இடம் கிடக்கிறது என்று பெட்டியிடம் கேட்பார். பிறகு சோக்குக் கட்டியால் மர அலுமாரியின் கதவில் ஒரு கோடு இழுப்பார். கதவின் அடி, பெட்டி வெறுமையாய் இருந்த நாள். கதவின் தலை, பெட்டி நிறையும் நாள். காலையில் தோட்டக்காரன் கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"உங்கடை கிணறு நிறைஞ்சால் சந்தோசம் தம்பி," என்றார். "இது நிறையக் கூடாத கிணறு."

அமைதியான கிழமைகளில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். குண்டு விழுந்த கிழமைகளில், வள்ளம் கவிழ்ந்த கிழமைகளில், ஒரு சாண் பாயும். போகப் போக, பெயர் கொடுக்க வருகிற சனம் முதலில் அலுமாரியைத்தான் பார்த்தது. "கோடு ஏறிட்டுது என்ன?" என்று ஒருவருக்கொருவர் மெல்லக் கதைப்பார்கள். பேப்பர் வாசிக்கிற வேலை மிச்சம்.

கோடு நெஞ்சளவுக்கு வந்ததும் மிஸ் சுருக்கத் தொடங்கினார். மருதனார்மடம் என்று நீட்டி அடிப்பதற்குப் பதில் ஒரு இலக்கம். வட்டுக்கோட்டைக்கு ஒரு இலக்கம். ஊரெல்லாம் இலக்கமாகிப் போயின. பொறுப்பாளர் ஐயா உற்சாகமாகி, தகப்பன் பெயருக்கும் முதல் எழுத்து மட்டும் போதுமே, அரசாங்கக் கந்தோரிலெல்லாம் அப்படித்தானே என்றார். மிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "அது ஆளின்ரை பாதி ஐயா. பாதி ஆளை நான் எப்பிடித் தேடுறது?"

சேட்டின் நிறத்தையும் அவர் வெட்டவில்லை.

குருநகரிலிருந்து ஒரு அம்மா சனிக்கிழமைதோறும் வருவா. கருவாட்டுக் கூடையைச் சந்தையில் காலியாக்கிவிட்டு, கழுத்துச் செபமாலையைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி வாங்கில் வந்து இருப்பா. கடலுக்குப் போன மகன். வேறொன்றும் கேட்கமாட்டா. "காட்டு பிள்ளை," என்பா. மிஸ் அவவுக்கு ஒரு துண்டு, தனக்கு ஒரு துண்டு பனங்கட்டி எடுப்பார். பெட்டி அரிசி புடைக்கும். பெயர் வரும். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதுவும் இங்கிலீசு எழுத்து. கருவாட்டு மணம் அடிக்கிற விரலால் கண்ணாடியைத் தொட்டு, "இதுதானே?" என்பா. "ஓம் அம்மா, இருக்கிறார்." அவ்வளவுதான். எழும்பிப் போய்விடுவா.

பொறுப்பாளர் ஐயா ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர். நல்ல மனுசன். ஆனால் பரலில் மண்ணெண்ணெய் குறையக் குறைய அவருக்கு நித்திரை குறைந்தது. ஒரு சனிக்கிழமை அந்த அம்மா படி இறங்கியதும் கேட்டார்.

"மிஸ், அதே பேரை எத்தினை தரம் தேடுறது? எஞ்சின் என்ன தண்ணியிலையோ ஓடுது?"

"அது சோதனை ஐயா," என்றார் மிஸ். "ஒவ்வொரு சனியும் ஒரே பேரைத் தேடினால்தான் பெட்டி களைச்சுப் போச்சோ எண்டு தெரியும். வேறை வேறை பேரைத் தேடினால் எது சுணக்கம், எது சுறுக்கு எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?"

"அப்ப அந்த அம்மா?"

"அவ வராட்டிலும் நான் அந்தப் பேரைத்தான் தேடுவன்."

ஐயா என்னைப் பார்த்தார். நான் எஞ்சினைப் பார்த்தேன். மிஸ் சொன்னது உண்மைதான். அந்தப் பெயரை வைத்துத்தான் அவர் பெட்டியின் நாடி பிடித்தார். பனங்கட்டி கரைவதற்குள் பெயர் வந்தால் பெட்டி சுகம். கரைந்த பிறகும் வராவிட்டால் ஏதோ பிழை.

கோடு கழுத்தளவுக்கு ஏறிய கிழமை ஐயா ஒரு முடிவோடு வந்தார். "பழசுகளைத் துடையும் மிஸ். ஒரு வருசமா ஆரும் வந்து கேக்காததுகளை. இடம் வரும்."

"கேக்க வாற ஆக்கள் செத்திருந்தால்?"

"செத்திருந்தால் ஆருக்கு வைச்சிருக்கிறீர்?"

"அதுக்காகத்தான் ஐயா. வேறை ஒருத்தரும் இப்ப அதுகளை வைச்சிருக்கேல்லையே."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மிஸ் திரும்பவும் சுருக்கினார், இறுக்கினார், எங்கெங்கோ ஒட்டிக் கிடந்த வெறுமையையெல்லாம் பிழிந்து எடுத்தார். அடுத்த காலை கோடு இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது. அன்று ஒரு நாள்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

இடம் விடுவதென்பது அவருக்கு ஒரு நோய் போல. பிளேன் சத்தம் கேட்டு எல்லோரும் பங்கர் என்கிற பதுங்கு குழிக்குள் இறங்கினால், பனங்குற்றிக்கும் மண்மூட்டைக்கும் நடுவில் நாங்கள் நெருக்கிக்கொண்டு இருக்க, "கொஞ்சம் தள்ளுங்கோ, இன்னொராள் வந்தால் எங்கை இருக்கிறது?" என்பார். "ஆர் மிஸ்? எல்லாரும் இஞ்சைதானே," என்று அலுவலகத்தில் தட்டச்சு அடிக்கிற பிள்ளை சொல்லுவாள். "வந்தால்," என்பார் அவர். அவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் இருக்கிற அளவு ஈர மண் தெரியும். எங்களுக்கு அது பிடிக்கவில்லை. யாருக்கு அந்த இடம் என்ற யோசனை பங்கருக்குள் வரக்கூடாத யோசனை.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு சனிக்கிழமை, குருநகர் அம்மாவின் வாயில் பனங்கட்டி கரைந்துவிட்டது. பெயர் வரவில்லை. அரிசி புடைக்கிற சத்தம் மட்டும் நீண்டுகொண்டு போனது. அம்மா மிஸ்ஸின் முகத்தையே பார்த்தா. கடைசியில் பெயர் வந்தது. ஆனால் மிஸ் எழும்பிவிட்டார்.

"சிதறிப் போச்சுது தம்பி. அடுக்க வேணும்."

ஒரு ஆளைப் பற்றிப் புதிதாக ஏதும் தெரிந்தால் பழைய இடத்தில் அதை எழுத இடம் போதாதாம். பெட்டி அதை வேறெங்கோ கொண்டுபோய் வைக்குமாம். அப்படியே ஒரு ஆளின் தலை ஓரிடம், கால் ஓரிடமாய்ப் போய்விடுமாம். எல்லாவற்றையும் எடுத்து ஒழுங்காகத் திரும்ப வைக்க வேண்டும். நடுவில் எஞ்சின் நின்றால் கையில் எடுத்தது போய்விடும்.

பொழுது பட முன் முடிந்துவிடும் என்றார். மத்தியானத்துக்குப் பிறகு குண்டு போடுகிற பொம்மர் வந்தது. எல்லோரும் பங்கருக்கு ஓடினோம். மிஸ் வரவில்லை. பங்கர் வாசலில் நான் காதைப் பொத்திக்கொண்டு கிடக்க, பொம்மரின் இரைச்சலுக்குள்ளும் எஞ்சின் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. அது இருமத் தொடங்கியிருந்தது. மண்ணெண்ணெய் முடிகிற இருமல்.

யன்னலில் மிஸ்ஸின் தலை தெரிந்தது.

"தம்பி, எண்ணெய்."

மூத்தவளுக்கு அப்போது பல்லு முளைக்கிற வயது. அது மிஸ்ஸுக்குத் தெரியும். நான் வெட்ட வெளி முற்றத்தால் தவழ்ந்து போய்த் தகரப் பேணியால் ஊற்றினேன். அவசரத்தில் பாதி மண்ணில் போனது. இரண்டு சந்து ஒழுங்கை தள்ளிக் குண்டு விழுந்தது. ஓட்டுத் தூசி என் முதுகில் கொட்டியது. எஞ்சின் நிற்கவில்லை.

பிறகு ஐயா மிஸ்ஸை ஏசினார். "பிள்ளை குட்டிக்காரனை வெளியிலை விடுறீரே, உமக்கென்ன மனமா கல்லா?"

"நிப்பாட்டியிருந்தால் பாதிச் சனம் போயிருக்கும் ஐயா."

"அது பேர். இவன் ஆள்."

நான் அன்று வீட்டுக்குப் போய் உங்கள் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து மிஸ் தருகிற பனங்கட்டியை வாங்க எனக்குக் கை கூசியது. என் தம்பியின் பெயருக்காக என்னையும் கொடுக்கக்கூடிய ஆள் இவர் என்று நினைத்தேன். அப்படி நினைப்பதும் பிழை போல இருந்தது. அந்தப் பெட்டி இல்லையென்றால் அவனுக்கு வேறு எது இருந்தது?

பெட்டியில் இருந்ததற்கெல்லாம் மிஸ் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். கறுப்புச் சதுரத் தட்டுகள், டிஸ்கட் என்பார்கள், கடிதவுறை போல மெல்லியவை. ஒவ்வொன்றின் நடுவிலும் நீளமாய் ஒரு திறப்பு. அதற்குள் பளபளக்கிற தகடு தெரியும். அந்தத் தகட்டில்தான் எழுத்து. ஒரு கட்டு டிஸ்கட்டுக்குள் முழுச் சனமும் இருந்தது. புதிது வாங்க வழியில்லை. வடக்குக்குக் கொண்டுவர அரசாங்கம் தடை போட்ட சாமான்களில் அதுவும் ஒன்று.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு சரஸ்வதி பூசைக்கு மிஸ் வட்டுக்கோட்டையில் தாயிடம் போயிருந்தார். பூசையில் வைத்ததை அன்று தொடக் கூடாது, விஜயதசமிக்குத்தான் எடுக்க வேண்டும். ஆகவே எஞ்சினுக்கும் ஓய்வு. பொறுப்பாளர் ஐயா தலை தோய்ந்து, வீபூதி பூசி, அலுவலகத்தில் உள்ளதையெல்லாம் வெள்ளை விரித்து அடுக்கினார். தட்டச்சு மெசின், சைக்கிள் பம்பு, எஞ்சின் கழற்றுகிற என் சாவிச் செற், இரண்டு பெட்டிகள். டிஸ்கட்டுகளையும் கட்டு அவிழ்த்து ஏடு பரப்புவது போலப் பரப்பினார். எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, மேலே குங்குமம் வைத்தார். பொட்டு நடுவில்தானே வைக்க வேண்டும். அந்தத் திறப்புக்குள் தெரிந்த பளபளப்பில் அழகாக வைத்தார். நாங்கள் தேவாரம் பாடி அவல் சாப்பிட்டோம். ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

விஜயதசமியன்று மிஸ் வந்தார். காய்ந்து வெடித்த சந்தனத்தை ஒரு டிஸ்கட்டில் கண்டார். அடுத்ததை எடுத்தார். அதற்கு அடுத்ததை.

"ஐயா, எல்லாத்துக்கும் வைச்சனீங்களோ?"

"ஒண்டும் விடேல்லை மிஸ்," என்றார் ஐயா சந்தோசமாக.

மிஸ் அவரை ஏசவில்லை. ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தார், ஸ்பிரிற்றால் துடைத்துப் பார்த்தார். துடைக்கத் துடைக்கக் கீறல் விழுந்தது. மாலையில் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டுக் கட்டினார். "இனி இந்தப் பெட்டி ஒண்டுதான் தம்பி," என்றார். அலுமாரிக் கதவில் அப்போது நாலு விரல் இடம்தான் மிச்சம்.

அந்த நாலு விரலும் நிறைய முன்னம், இராணுவம் முன்னேறி வர, வலிகாமச் சனம் முழுவதையும் உடனே வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்தது. சாவகச்சேரிப் பக்கம் போக வேண்டும். நான் அலுவலகத்துக்கு ஓடிப்போன போது மிஸ் எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். எல்லோரும் சாமான் கட்டுகிறார்கள், இவர் பனங்கட்டியை வாயில் வைத்துக்கொண்டு இருக்கிறார். பெயர் வந்தது. குருநகர் அம்மாவின் மகன்.

"இருக்கிறார். நிப்பாட்டுங்கோ."

யோசிக்கிற பெட்டியை விட்டுவிட்டு வைத்திருக்கிற பெட்டியைப் பொலித்தீனால் சுற்றி, உரப்பைக்குள் இறக்கி, அவருடைய சைக்கிள் கரியரில் கயிற்றால் வரிந்து கட்டினேன்.

அந்தப் பயணத்தை நீங்கள் அம்மாவிடம் கேட்டால் சொல்லமாட்டார். அம்மாவுக்குக் காய்ச்சல், என் சைக்கிள் கரியரில் அவரை வைத்து, பாரில் மூத்தவளைத் துணியால் கட்டி, நான் தள்ளினேன். பக்கத்தில் மிஸ் பெட்டியைத் தள்ளினார். மழை. றோட்டு முழுக்கத் தலை. ஒரு அடி வைத்தால் அடுத்த அடிக்குக் காத்து நிற்க வேண்டும். விடிந்தபோது செம்மணி வெளியில் நின்றோம். இரண்டு பக்கமும் தண்ணீர், முன்னால் நாவற்குழிப் பாலம், பின்னால் ஷெல் சத்தம்.

மதகுக் கட்டுக்குப் பக்கத்தில் குருநகர் அம்மா கால் நீட்டி இருந்தா. இரண்டு காலும் வீங்கித் தோல் வெடித்திருந்தது. சனம் அவவைச் சுற்றிக்கொண்டு போனது.

"அம்மா, எழும்புங்கோ," என்றார் மிஸ்.

"ஏலாது பிள்ளை. நீங்கள் போங்கோ." பிறகு கரியரைப் பார்த்தா. "உது பெட்டியோ?"

"ஓம்."

அம்மா கையை நீட்டி உரப்பையைத் தடவினா. "கவனமாக் கொண்டு போ. அவனை நனைய விடாதை."

மிஸ் நின்றார். பிறகு கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"என்ன செய்யிறாய்?"

"நீங்கள் ஏறுங்கோ."

"விசரே உனக்கு?" அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டா. "என்ரை பிள்ளை உதுக்குள்ளை இருக்கிறான். உதை இறக்கினால் நானும் உதுக்குப் பக்கத்திலை கிடப்பன். எழும்பவே மாட்டன்."

மிஸ் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்கடை தம்பியும் இதுக்குள்ளைதான்."

"நான் தலையிலை வைக்கிறன் மிஸ்."

"உங்களுக்கு ரெண்டு கையும் சைக்கிளுக்கு வேணும்."

உங்கள் அம்மாவின் தலை என் முதுகில் நெருப்பாய்ச் சாய்ந்திருந்தது. மூத்தவள் அழுது களைத்துப் பாரில் தொங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு ஷெல் தண்ணீரில் விழுந்தது. சனம் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது.

"இறக்குங்கோ மிஸ்," என்றேன்.

குருநகர் அம்மா கயிற்றை விடவில்லை. மிஸ் அவவுக்கு முன்னால் சேற்றில் குந்தினார்.

"அம்மா, உங்கடை மகன் இதுக்குள்ளை இல்லை."

"என்ன?"

"நான் அழிச்சிட்டன். இடம் காணாமல் போச்சு. பழசுகளைத் துடைக்கச் சொல்லிச் சொன்னவை. முதல் துடைச்சது உங்கடை மகனைத்தான்."

"போன சனி காட்டினியே."

"சனி காட்டினனான். திங்கள் துடைச்சனான்."

புறப்படும்போது பனங்கட்டியோடு இருந்து அந்தப் பெயரைத் தேடினவர்தான் இதைச் சொன்னார். ஒரு பெயரையும் என்றைக்கும் துடைக்காத மனுசி. அவருடைய முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அப்படி ஒரு பொய்யை நான் அதற்கு முன்னும் கேட்கவில்லை, பின்னும் கேட்கவில்லை.

குருநகர் அம்மாவின் கை கயிற்றிலிருந்து தானாக நழுவியது. அழவில்லை. என் சைக்கிளை மதகுக் கட்டில் சாய்த்துவிட்டு மிஸ்ஸும் நானும் தூக்கியபோது மூட்டை போலக் கிடந்தா. கரியரில் இருத்திக் கட்டினோம். பெட்டியை மிஸ் மதகுக் கட்டோடு ஒட்டி, சுவர் மறைவில் வைத்து, உரப்பையின் வாயை நன்றாக முறுக்கி உள்ளே செருகினார். திரும்பி வந்து எடுக்கலாம் என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு சைக்கிளைத் தள்ளினார். பாலம் தாண்டும் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. ஒரே மண்டபத்தின் ஒரு மூலையில் நாங்கள். எதிர் மூலையில் குருநகர் அம்மா, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. மிஸ் கொண்டுபோன கஞ்சியை அவ வாங்கவில்லை. உங்கள் அம்மா கொண்டுபோனால் குடித்தா.

உங்கள் அம்மாவின் காய்ச்சல் தணிந்து நாங்கள் கண் விழித்த காலை, மிஸ் எங்கிருந்தோ எழுதுகிற கொப்பி ஒன்று எடுத்து வந்து வாங்கில் இருந்தார், அதே மாதிரி ஒரு முனையில். "பேர் சொல்லுங்கோ தம்பி." உங்கள் சித்தப்பாவின் பெயரைச் சொன்னேன். தகப்பன் பெயரை முழுவதாகச் சொன்னேன். "பச்சைக் கோடு," என்று அவரே எழுதினார். சனம் வரத் தொடங்கியது.

ஆனால் உங்கள் சித்தப்பாவின் பெயர் பக்கத்தின் நடுவில் இருந்தது. மேலே வெறும் வரிகள்.

"அது ஆருக்கு மிஸ்?"

அவர் எதிர் மூலையைப் பார்த்தார்.

"அந்தப் பேர் உங்களுக்கு மனப்பாடமெல்லே. எழுதுங்கோவன்."

"எழுதினால் ஆரும் வாசிச்சுக் காட்டுவினம். நான் அழிக்கேல்லை எண்டு தெரிஞ்சால் மனுசி இப்பவே எழும்பிச் செம்மணிக்கு நடக்கும்." எதிர் மூலைக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார். "நடக்கும் தம்பி. உங்களுக்கும் தெரியும்."

எனக்குத் தெரியும். அந்தப் பக்கமிருந்துதான் இரவும் பகலும் வெடிச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

சில கிழமைகளில் குருநகர்ச் சனத்தோடு அந்த அம்மாவும் வன்னிக்குப் போக ஆயத்தமானா. சனத்தை ஏற்றுகிற உழவு மெசின் வாசலில் நின்றது. மண்டபத்தால் நடந்து வந்தவ, மிஸ்ஸின் வாங்குக்கு முன்னால் நின்றா. மிஸ் இன்னும் கொஞ்சம் ஓரத்துக்கு ஒதுங்கினார்.

"இருங்கோ அம்மா."

அம்மா இருக்கவில்லை. "என்ரை பிள்ளையை அழிச்ச கை நல்லா இராது," என்றா.

"ஓம் அம்மா," என்றார் மிஸ்.

அவ உழவு மெசினில் ஏறியதும், ஓடிப் போய் உண்மையைச் சொல்லிவிடவா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். "சொன்னால் இறங்கி நிண்டிடும்," என்றார். உழவு மெசின் ஒழுங்கையால் திரும்பி மறைந்தது. கொப்பி அவர் மடியில் திறந்தே கிடந்தது.

"இப்ப போயிட்டாவே மிஸ். இனி எழுதலாமே."

அவர் பேனையை மூடினார். அடுத்த ஆளுக்காக ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டினார்.

"அவவே வந்து சொல்லட்டும்," என்றார். "இடம் கிடக்கு."